சின்னப் பசங்க கோர்ட்டுக்கு வக்கீல் எதற்கு?

கேள்வி: என் தம்பி மகனுக்கு 15 வயது. அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் யாருடைய பைக்கையோ கிளப்பிக்கொண்டு போக, இவனும் பின்னால் ஏறி உட்கார்ந்து போயிருக்கிறான். மூன்று பேர் மேலும் திருட்டு வழக்கு. சிறார் நீதிமன்றத்தில் விசாரணை. "சின்னப் பசங்க கோர்ட்டுதானே, வக்கீல் எதற்கு? கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொன்னால் கண்டித்து அனுப்பிவிடுவார்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். தம்பியும் அதையே நம்புகிறான். என் கணவரோ, "தப்பு என்றால் எல்லாருக்கும் ஒரே தண்டனைதான், இவர்களுக்கு மட்டும் என்ன தனி கோர்ட்டு?" என்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம். கையில் பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி கிடைக்குமா என்று நீதிமன்றத்திலேயே கேளுங்கள்.

உங்கள் உறவினர் சொல்வதைத்தான் ஒரு காலத்தில் நீதிபதிகளே நம்பினார்கள். அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. கால்ட் வழக்கு என்பார்கள்.

1964 ஜூன், அரிசோனா மாநிலம். அந்தப் பையனுக்கும் 15 வயதுதான். பக்கத்தில் குடியிருந்த பெண்மணிக்கு ஃபோன் போட்டு ஆபாசமாகப் பேசியதாகப் புகார். காலை பத்து மணிவாக்கில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. சாயங்காலம் திரும்பிய அம்மா, மூத்தவனை அனுப்பித் தேடச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது. மறுநாள் நீதிபதியின் அறையில் விசாரணை. யாரும் சத்தியப் பிரமாணம் எடுக்கவில்லை. பேசியதைக் குறித்து வைக்கவும் ஆள் இல்லை. வக்கீலும் இல்லை. அடுத்த விசாரணைக்கு வந்த நோட்டீஸ், வெறும் வெள்ளைத் தாளில் எழுதிய ஒரு துண்டுக் குறிப்பு.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. "நம்பரைச் சுழற்றியது மட்டும்தான் நான், ஃபோனை நண்பன் கையில் கொடுத்துவிட்டேன்" என்று பையன் சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகம். சில பேச்சை அவனே பேசியதாக ஒப்புக்கொண்டான் என்று நீதிபதிக்கு ஞாபகம். எழுத்தில் எதுவும் இல்லாததால் எது சரி என்று பார்க்க வழியில்லை. பேசியது எந்தப் பையன் என்று தெரிய, புகார் கொடுத்தவரை வரவழையுங்கள் என்று கேட்டார் அம்மா. அவர் வரத் தேவையில்லை என்றார் நீதிபதி. 21 வயது ஆகும்வரை, அதாவது ஆறு வருடம் வரைக்கும், சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவானது. இதையே ஒரு பெரியவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், இல்லையென்றால் அதிகம் போனால் இரண்டு மாதம் ஜெயில்.

இப்போது உங்கள் வீட்டுப் பையனுக்கு வருவோம். பூட்டை உடைத்தது யார், ஓட்டியது யார், அது திருட்டு வண்டி என்று பின்னால் உட்கார்ந்தவனுக்குத் தெரியுமா தெரியாதா? வழக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் மூன்றும் அந்த ஒரே ஆமாமில் கரைந்துவிடும்.

இதில் வேடிக்கை, அந்தச் சிறார் நீதிமன்றங்களைக் கட்டியவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அமெரிக்காவும் பின்பற்றிய பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் ஏழு வயதுக்குக் கீழே குற்றமே கிடையாது. ஏழிலிருந்து பதினாலு வரை, நல்லது கெட்டது தெரியாத வயசு என்று எடுத்துக்கொள்வார்கள். தெரிந்துதான் செய்தான் என்று நிரூபித்துவிட்டால் போச்சு. பதினாலு தாண்டினால் பெரியவன்தான், பெரியவர்களோடு அதே ஜெயில். இதைப் பார்த்துப் பொறுக்காத சிகாகோ பெண்கள் சிலர், ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட, போராடியதில்தான் 1899-ல் இல்லினாய் மாநிலம் சிறாருக்கென்று தனி நீதிமன்றம் அமைத்தது. சிறாரைக் கண்காணித்து வழிகாட்டும் நன்னடத்தை அலுவலர்களை நியமிக்கச் சொன்ன சட்டம், அவர்களுக்குச் சம்பளம் ஒதுக்கவில்லை. அந்தப் பணத்தையும் பெண்களே திரட்டினார்கள். இங்கிலாந்தில் 1908, சென்னை மாகாணத்தில் 1920, ஜெர்மனியில் 1923 என்று இந்த எண்ணம் சட்டமாகப் பரவியது.

அரசே தாய் தகப்பன், நீதிபதி வீட்டுப் பெரியவர் மாதிரி. இதுதான் அடிப்படை. சிகாகோவில் நீதிபதியாக இருந்த ஜூலியன் மேக் 1909-ல் எழுதினார்: பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தேவைப்பட்டால் தோளில் கைபோட்டு அணைத்துப் பேச வேண்டுமாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இவனுக்கு என்ன நல்லது?' என்று கேட்பதிலேயே மும்முரமாக இருந்தவர்கள், 'இவன் உண்மையில் அதைச் செய்தானா?' என்று கேட்க மறந்துவிட்டார்கள். அப்பா மாதிரி பேசுகிறவரிடம் வக்கீலோடு போய் நிற்பானேன் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

1967-ல் அதே கால்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உடைத்தது. குற்றச்சாட்டு என்ன என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும், வக்கீல் வைக்க உரிமை உண்டு, எதிர்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தனக்கு எதிராகத் தானே பேசும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இதே உரிமைகள் பின்னால் 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலும் இடம்பிடித்தன. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அதை ஏற்று உறுதி செய்யாத ஒரே நாடு அமெரிக்காதான் என்பது தனிக் கூத்து.

சரி, உங்கள் கணவருக்கு. அவர் சொல்வதையும் செய்து பார்த்தாயிற்று. 1990-களில் ஈவிரக்கமில்லாத ஒரு புதுத் தலைமுறைக் குற்றவாளிகள் வரப்போகிறார்கள் என்று அமெரிக்காவில் சிலர் கிளப்பிய பீதியில், மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைத் திருத்தி, ஏராளமான சிறாரைப் பெரியவர்கள் கோர்ட்டுக்குத் தள்ளினார்கள். சொன்ன அலை வரவில்லை. 1994-க்குப் பிறகு சிறாரின் வன்முறைக் குற்றங்கள் குறைந்தன. பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பிற்பாடு அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள் என்று 2007-ல் அந்நாட்டுப் பொது சுகாதார நிபுணர் குழு ஒன்று ஆய்வுகளை அலசிச் சொன்னது. பதினைந்து வயதுப் பையனைப் பழுத்த திருடர்களோடு அடைத்தால் வேறு என்ன கற்றுக்கொள்வான்? இந்த விஷயத்தில் நான் உங்கள் கணவர் கட்சி இல்லை.

இனி, அங்கே என்ன நடக்கும். விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும், போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலும் கதவை மூடி விசாரிப்பார்கள். பையனின் பெயர் பத்திரிகையில் வராது. நன்னடத்தை அலுவலர் ஒருவர் உங்கள் வீட்டையும் பள்ளியையும் விசாரித்து அறிக்கை கொடுப்பார். அந்தத் தாளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றம் உறுதியானால் கண்டித்து அனுப்புவதா, கண்காணிப்பில் வீட்டிலேயே விடுவதா, சமூக சேவையா, ஆலோசனையா என்று முடிவெடுக்க அது பெரிதும் உதவும். சிறார் இல்லத்தில் அடைப்பது கடைசி வழியாக, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு காலத்துக்கே இருக்க வேண்டும் என்கிறது முன்னே சொன்ன ஐ.நா. உடன்படிக்கை.

சின்ன வழக்குகளை விசாரணைக்கே போகாமல் பேசி முடிக்கிற ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. அதற்குப் பையன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கலாம். உறவினர் எங்கேயோ இதைத்தான் அரைகுறையாகக் கேட்டிருப்பார். ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. எதை ஒப்புக்கொள்கிறோம், அதனால் பின்னால் என்ன வரும் என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, செய்ததை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் பைக்கைப் பறிகொடுத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நியூசிலாந்தில் 1989 முதல், இப்படிப்பட்ட வழக்குகளில் பையனின் குடும்பத்தோடு பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் வழக்கிலும் அவரைப் போய்ப் பார்க்க இடமிருக்கலாம். ஆனால் வக்கீலைக் கேட்காமல் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். அதுவே வாக்குமூலமாகத் திரும்பி வரலாம். போகிறபோது பேச வேண்டியவன் பையன், நீங்கள் அல்ல.

அப்புறம், விசாரணை நாளன்று தம்பியை வேலைக்கு லீவு போடச் சொல்லுங்கள். அரிசோனாவில் முதல் விசாரணைக்கு அம்மாவும் அண்ணனும் வந்திருந்தார்கள். அப்பா வரவில்லை. அவருக்கு வெளியூரில் வேலை.