சைக்காலஜி படிக்க நினைக்கும் மகளும் தூக்கம் வராத அம்மாவும்

வணக்கம் அக்கா.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) கடைசித் தவணையில் இருக்கிறாள். அக்கவுண்டிங் எடுப்பாள் என்று வீடே நினைத்துக்கொண்டிருக்க, சைக்காலஜிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "அதைப் படித்துவிட்டுத் தஞ்சோங் ரம்புத்தானில் போய் உட்காரப் போகிறாளா?" என்று அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையை நினைத்து உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார். பினாங்கில் என்னைப் பார்க்க வரும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதையே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் வேலை கிடைத்தால் அது கௌரவமான வேலைதான். ஆனால் வெறும் சைக்காலஜி பட்டத்தோடு போனால் அங்கே சிகிச்சை கொடுக்க விடமாட்டார்கள். நீங்கள் பயப்படுவது ஒன்று, நிஜமான சிக்கல் வேறொன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். மருந்து எழுதிக் கொடுக்கும் மனநல மருத்துவர் ஆக வேண்டுமென்றால் மெடிசின் படித்து, அதன்பிறகு சிறப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். அது வேறு பாதை. சோதனைகள் வைத்து, பேச்சின் வழியாகச் சிகிச்சை தருகிற மருத்துவ உளவியலாளர் ஆக, சைக்காலஜி பட்டத்துக்கு மேல் அதற்கென்றே உள்ள முதுகலைப் படிப்பு வேண்டும். துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவும் செய்ய வேண்டும். யு.கே.எம். (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்), ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில்தான் அந்த முதுகலை இருக்கிறது. இடங்கள் குறைவு, நேர்காணல் கடுமை. கவுன்சிலர் ஆவதற்கு 1998-ஆம் ஆண்டுக் கவுன்சிலர் சட்டப்படி கவுன்சிலிங் பட்டம் வேண்டும், கவுன்சிலர் வாரியத்தில் பதிவும் வேண்டும். சைக்காலஜி பட்டத்தைக் காட்டி அங்கே பதிய முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மூன்று வருஷம் படித்துவிட்டு, பட்டமளிப்பு விழா முடிந்தபிறகு விழிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள் மீது இல்லை, சேர்க்கும்போது இதை வாய்திறந்து சொல்லாதவர்கள் மீது.

ஆக, மனநோயாளிகளுக்கு உதவுவது மட்டும்தான் மகளின் ஆசை என்றால் ஐந்தாறு வருஷத்துக்கு மனசையும் பணத்தையும் தயார் செய்துகொள்ளுங்கள். கவுன்சிலிங்தான் பிடிக்கும் என்றால் நேரடியாகக் கவுன்சிலிங் பட்டத்துக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் சைக்காலஜி பட்டத்தில் மூன்று வருஷம் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? எதிரே இருப்பவர் மனசில் ஓடுவதைக் கண்டுபிடிக்க இல்லை. அது ஜோசியக்காரர் வேலை. மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், மறக்கிறார்கள், முடிவெடுக்கிறார்கள், தப்பு செய்கிறார்கள் என்பதைச் சோதனை வைத்து அளப்பதற்குத்தான் பயிற்சி. உங்கள் வேலையையே வைத்துச் சொல்கிறேன், அப்போது சட்டென்று பிடிபடும்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் சிப் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஷிப்ட் தொடங்கியதும் கண் கூர்மையாக இருக்கும், போகப் போகக் கீறல் கண்ணெதிரே கடந்து போனாலும் மனசில் பதியாது, அதற்கு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவோம் என்று அந்தக் காலத்தை நினைத்து எழுதியிருந்தீர்கள். அக்கா, இதே பிரச்சினை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு வந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆட்கள், நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் என்ற ஆய்வாளர் ஒரு கடிகாரத்தைச் செய்தார். எண்கள் இல்லை, ஒரே ஒரு முள். அது வினாடிக்கு ஒரு அடி நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டை அடி தாண்டும். தாண்டினால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் கோட்டைவிடத் தொடங்கிவிட்டார்கள். 1948-இல் இது கட்டுரையாக வந்தது. இடையிடையே ஓய்வு கொடுத்தாலும், "இதைப் பிடித்தாய், அதை விட்டாய்" என்று உடனுக்குடன் சொன்னாலும் சரிவு குறைந்தது.

இதோடு முடியவில்லை. 2005-இல் ஜெரமி உல்ஃப் என்பவரும் அவருடைய குழுவும் இன்னொன்றைக் காட்டினார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது பார்ப்பவர்கள் அதைத் தவறவிட்டது 7 விழுக்காடு. நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டுமே இருந்தபோது தவறவிட்டது 30 விழுக்காடு. அரிதாக வருவதைக் கண் எதிர்பார்ப்பதில்லை, சீக்கிரமே "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. விமான நிலையத்தில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்ப்பவருக்கும், மருத்துவமனையில் மார்பகப் படத்தில் கட்டியைத் தேடுபவருக்கும் இதே கதிதான். நல்ல சிப்புகளுக்கு நடுவே எப்போதோ வரும் ஒரு கெட்ட சிப்பைத் தேடியவருக்கு மட்டும் விதிவிலக்கு இருக்குமா? அன்றைக்கு வாங்கிய திட்டில் பாதியை வேலையை அப்படி வகுத்தவர்தான் வாங்கியிருக்க வேண்டும். ஓய்வை எப்போது விடுவது, ஆளை எப்போது மாற்றுவது, வேண்டுமென்றே சில பழுதான சிப்புகளை நடுவில் நுழைத்துக் கண்ணை விழிப்பாக வைக்கலாமா என்று யோசிப்பதும் சைக்காலஜி படித்தவர் செய்கிற வேலைதான். 1972-இலிருந்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வந்து குவிந்த தீவில் இருந்துகொண்டு, இந்தப் படிப்புக்கு இங்கே வேலை இல்லை என்று சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

மற்ற துறைகளும் உண்டு. நீதிமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் எலிசபெத் லோஃப்டசும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சிகளைப் போட்டுக் காட்டிவிட்டு, கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்டால் சராசரிப் பதில் மணிக்குக் கிட்டத்தட்ட 41 மைல். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டால் சுமார் 32. அதேபோன்ற இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. ஆனாலும் "நொறுங்கிய" என்ற சொல்லோடு கேள்வி கேட்கப்பட்டவர்களில், மற்றவர்களைவிட அதிகம் பேர் ஆமாம் என்றார்கள். சாட்சியைப் போலீஸ் எப்படி விசாரிக்க வேண்டும் என்ற பேச்சு இன்றைக்கும் இந்த ஆய்வைத் தொடாமல் போவதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்கு அதில்தான் ஆர்வம் இருக்கும். 2020-இல் கோவிட் வந்தபோது இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சந்தாவில் தொழிலாளர் பங்கை 11 விழுக்காட்டிலிருந்து 7-ஆகக் குறைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? பழையபடி 11 வேண்டும் என்பவர்தான் பாரம் நிரப்பித் தர வேண்டும், சும்மா இருந்தால் 7. ஒரே சலுகைதான், ஆனால் பாரம் நிரப்பும் வேலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பு வேறு பக்கம் சாயும். சும்மா இருக்கும் ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்க்கிற இந்த ஆராய்ச்சி இன்றைக்கு அரசாங்கங்களிலும் வங்கிகளிலும் நல்ல விலை போகிறது. மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த டேனியல் கானமன் என்ற உளவியல் ஆய்வாளருக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசே கிடைத்தது.

சரி, வேலைக்கு வருவோம். வெறும் பட்டத்தோடு நம் ஊரில் பிள்ளைகள் போகும் இடங்களைச் சொல்கிறேன்: கம்பெனிகளில் மனிதவளப் பிரிவு, ஆள் தேர்வு, பயிற்சி, சந்தை ஆய்வு நிறுவனங்கள், செயலிகளையும் இணையத் தளங்களையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்று ஆராயும் வேலை, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பப் பயிற்சி மையங்கள். கடைசியில் சொன்னதில் வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் சம்பளம் குறைவு, களைப்பு அதிகம். அங்கே ஒரு வருஷம் தாக்குப்பிடித்தவர் முதுகலை நேர்காணலில் தெளிவாகப் பேசுவார் என்பது என் அனுபவம். அரசாங்கத்தில் 'பெகாவாய் பிசிகோலோஜி' (உளவியல் அதிகாரி) என்ற பதவி உண்டு, விளம்பரம் வரும்போது தகுதி நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். ஆரம்பச் சம்பளத்தில் அக்கவுண்டிங் படித்த பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டால் முதல் சில வருஷம் உங்களுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

தமிழ் பேசத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் இருக்கும் தேவையையும் கணக்கில் எடுங்கள். மலாயோ ஆங்கிலமோ சரியாக வராத ஒரு பாட்டி, "நெஞ்சு அடைக்குது, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை" என்று சொல்லும்போது, அதைத் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே மறுகேள்வி போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் சிகிச்சையின் போக்கே மாறும். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் வாய்ப்பு குறையுமோ என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையில் அது கூடுதல் பலம்.

இப்போது மகளைப் பற்றி. அவளுக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள ஆன்லைன் ஆளுமைத் தேர்வெல்லாம் வேண்டாம். "தோழிகள் எல்லாரும் என்னிடம்தான் பிரச்சினையைச் சொல்வார்கள்" என்பது நல்ல குணம், ஆனால் அது மட்டும் போதாது. சைக்காலஜியில் முதல் வருஷத்திலேயே புள்ளியியல் வந்து நிற்கும், கடைசி வருஷம் வரை விடாது. சொந்தமாக ஓர் ஆய்வு செய்து, தரவு சேர்த்து, கணக்குப் போட்டு ஆய்வறிக்கை எழுத வேண்டும். கணக்குக்குப் பயந்து இங்கே ஓடிவரும் பிள்ளைகள் இரண்டாம் தவணையிலேயே அழுதுவிடுவார்கள். உங்கள் மகள் கணக்கில் சுமார்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சுமார் என்றால் பரவாயில்லை, வெறுப்பு என்றால் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லிப் பாருங்கள். 2015-இல் உலகமெங்கும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து, புகழ்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். பழைய முடிவைத் தாங்கி நின்றவை மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் "அப்போ எல்லாம் பொய்யா?" என்று முகம் வாடினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "ஏன் அப்படி ஆச்சு, எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள்?" என்று கேட்டால், அந்தப் பிள்ளையைத் தாராளமாகச் சேர்த்துவிடலாம். தன் தப்பைத் தானே வெளியே போட்டு உடைத்த துறை இது. அந்த முரட்டு நேர்மை பிடித்துப்போகிறவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள்.

பரீட்சைக்கு முன்னால் அவளுக்கு உடனே உதவக்கூடிய ஓர் ஆய்வும் உண்டு. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்டது. ஒரு பாடத்தை நான்கு தடவை திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவில் இருந்தது. ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நோட்டில் மஞ்சள் கோடு போடுவதை நிறுத்திவிட்டு, நோட்டை மூடி வைத்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகங்கள்: யு.கே.எம்., யு.எம்.எஸ். (மலேசிய சபா பல்கலைக்கழகம்) போன்றவற்றில் சைக்காலஜி இருக்கிறது. சபா தூரம் என்று இப்போதே அழ வேண்டாம், இடம் கிடைத்தபிறகு அழலாம். கட்டணத்தில் உள்ள வித்தியாசம் அந்த விமான டிக்கெட்டுகளையெல்லாம் தாங்கும். தனியார் என்றால் கம்பாரில் இருக்கும் உத்தார் பல்கலைக்கழகம் நமக்குப் பக்கம், செலவும் மற்ற தனியார் இடங்களோடு பார்க்கக் கட்டுப்படியாகும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகளில் மூன்று வருஷத்துக்கு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் அதை முழுதாக மூடாது. எல்லாப் பணத்தையும் பட்டத்திலேயே கொட்டிவிட்டு முதுகலைக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதைவிட, பட்டத்தைச் சிக்கனமான இடத்தில் முடித்து மிச்சம் வைப்பதுதான் இந்தத் துறைக்குப் புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன். பட்டம் எங்கே வாங்கினாள் என்பதைவிட என்ன மதிப்பெண், என்ன ஆய்வு, எங்கே களப்பயிற்சி என்றுதான் முதுகலையில் பார்ப்பார்கள்.

எந்த இடமானாலும், படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள், கல்லூரி ஆள் காட்டும் பிரசுரத்தை நம்பாதீர்கள். கண்காட்சிக்குப் போனால் மகளைப் பேசவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். புள்ளியியல் பாடங்கள் எத்தனை, கடைசி வருஷ ஆய்வைத் தனியாகச் செய்ய வேண்டுமா குழுவாகவா, களப்பயிற்சிக்கு இடம் தேடித் தருவார்களா, இங்கே படித்தவர்கள் யாராவது மருத்துவ உளவியல் முதுகலைக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்கட்டும். பதில் சொல்லாமல் "இன்றைக்கே பதிந்தால் தள்ளுபடி" என்று பேச்சை மாற்றினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்கு நகருங்கள். எஸ்.டி.பி.எம். முடிவும் யு.பி.யு. பதிலும் வரும்வரை எங்கேயும் முன்பணம் கட்ட வேண்டாம், கட்டியே ஆக வேண்டுமென்றால் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.