அறிவியலும் சமூகமும் சார்ந்த படிப்பு: மதுரையில் எந்தக் கல்லூரி?

கேள்வி: உசிலம்பட்டியில் வசிக்கிறோம். கணிதம், உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்த என் மகள், 'அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்' என்ற துறையில்தான் பட்டம் படிப்பேன் என்கிறாள். வெளியூர்த் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பெயரிலேயே இளங்கலை இருக்கிறது. கட்டணம் மலைக்க வைக்கிறது. மதுரையிலேயே வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பட்டத்தின் பெயரைத் தேட வேண்டாம். அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகத்தோடு கொள்ளும் உறவை ஆராயும் இத்துறை நம் நாட்டில் பெரும்பாலும் முதுகலைக்குப் பிந்தைய ஆய்வு நிலையில்தான் வேரூன்றியிருக்கிறது. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் கொள்கை ஆய்வு மையமும் குஜராத் மத்தியப் பல்கலைக்கழகமும் இதில் அறியப்பட்டவை. இளங்கலையில் உங்கள் மகளுக்கு வேண்டியது ஏதேனும் ஒரு துறையில் உறுதியான அடித்தளமே. அது இயற்பியலாகவோ தாவரவியலாகவோ வரலாறாகவோ பொருளியலாகவோ இருக்கலாம்.

ஏன் என்பதற்கு அருகிலேயே சான்று இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 2015இல் ஒப்புதல் அளித்தபோது, பாறையில் வைக்கும் வெடியின் அதிர்வு எவ்வளவு, நீரூற்றுகள் என்னாகும், இதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்ற கேள்விகள் ஒருசேர எழுந்தன. முதல் இரண்டுக்கு அறிவியல் தெரிய வேண்டும். மூன்றாவதற்குச் சட்டமும் அரசியலும் தெரிய வேண்டும். இரண்டையும் மேலோட்டமாகத் தொட்டுச்செல்லும் பாடத்திட்டம் அவளை எந்தப் பக்கமும் சேர்க்காது.

மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி ஆகியவற்றோடு, மகளிர் கல்லூரிகளான லேடி டோக், பாத்திமா ஆகியவையும் தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டத்தை அவையே வகுப்பதால், ஒரே பெயருள்ள பட்டம்கூடக் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, முதன்மைப் பாடங்களைவிடத் துணைப்பாடங்களையும் பிற துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடங்களையும் கவனமாகப் படியுங்கள். இயற்பியல் மாணவி வரலாற்றுத் துறையில் உண்மையிலேயே அமர்ந்து படிக்க முடிகிறதா, அல்லது கால அட்டவணை இடிக்கிறது என்று சொல்லி அலுவலகமே ஒரு தாளைத் தலையில் கட்டிவிடுகிறதா என்பதை இறுதியாண்டு மாணவிகளிடம் விசாரியுங்கள். துறைத்தலைவர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது நம்பகமானது. இறுதிப் பருவத் திட்ட அறிக்கைகள் இரண்டையாவது புரட்டிப் பாருங்கள். மாணவி களத்துக்குப் போய் எழுதியதும் முந்தைய ஆண்டு அறிக்கையைப் பார்த்து எழுதியதும் பத்துப் பக்கத்துக்குள் தெரிந்துவிடும். சின்னாளபட்டி அருகே உள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிட வேண்டாம். கிராமப் பணி அங்கே கல்வியின் பகுதியாகவே இருந்துவருகிறது.

வேலை குறித்து ஒன்று. டிஎன்பிஎஸ்சி குரூப் 1 போன்ற பொதுத் தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருப்பது அவசியம். அந்தப் பணிக்கு ஆசை இருந்தால், பின்னாளில் துறை மாறுவது அதன் கதவைச் சாத்திவிடும். புதுப் பெயர் கொண்ட பட்டமானால், அதை எந்தப் பாடத்துக்கு இணையாகக் கருதுவார்கள் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டுமுன் இணைத்தன்மை குறித்த அரசாணை உண்டா என்று எழுத்துமூலம் கேளுங்கள். வாய்மொழி உறுதியை ஏற்க வேண்டாம்.

உங்கள் மகளுக்குக் கணிதம் கைவருமானால், இயற்பியலை முதல் விருப்பமாகக் குறிப்பதே என் பரிந்துரை. அறிவியலில் தொடங்கி முதுகலையில் சமூக அறிவியலுக்குப் போகலாம். வரலாற்றில் தொடங்கியவருக்கு இயற்பியலுக்குத் திரும்பும் வழி அநேகமாக இல்லை.