ஆல்ப்ஸில் சறுக்கலாமா, நடக்கலாமா? வேலூர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரில் ஹோட்டல் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறேன். கோடை, குளிர் இரண்டு சீசனிலும் அந்த மலைகளில் நடந்திருக்கிறேன், சறுக்கியும் இருக்கிறேன். நம் மலையேற்றக் குழுவில் இருப்பவர்கள் தனித்தனியாகக் கேட்டதை எல்லாம் சேர்த்துப் பதில் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

காட்பாடி, பள்ளி ஆசிரியை: மே மாத லீவில் குடும்பத்தோடு சுவிஸ் போகலாம் என்று இருக்கிறோம். பனிச்சறுக்கு, மலை நடை இரண்டும் பார்த்துவிட முடியுமா?

டீச்சர், பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்களே, ரொம்ப சந்தோஷம். இரண்டுக்குமே மே தோதான மாதம் இல்லை. சறுக்கு சீசன் டிசம்பர் நடுவில் சூடுபிடித்து ஏப்ரலோடு முடிந்துவிடும். உயரத்தில் இருக்கும் நடைபாதைகள் ஜூன் நடுவுக்குப் பிறகுதான் சரியாகத் திறக்கும். மே மாதம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள், மலை ஊர்களில் பாதி ஹோட்டல்கள் பூட்டியிருக்கும். 2,000 மீட்டருக்கு மேல் பழைய பனி கிடக்கும். காலையில் அது கல் மாதிரி இறுகியிருக்கும், மதியம் மிதித்தால் முட்டி வரை கால் உள்ளே போகும். பிள்ளைகளை அதில் நடத்திக் கூட்டிப் போக வேண்டாம்.

மே தவிர வழியே இல்லை என்றால் பள்ளத்தாக்கில் தங்குங்கள். லாட்டர்புருன்னன் நல்ல இடம். சுமார் 800 மீட்டர் உயரம்தான், சமதளப் பாதை. பனி உருகும் நேரம் என்பதால் அருவிகள் எல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குப் பக்கத்திலேயே விழும் ஷ்டாப்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். அங்கிருந்து ரயிலில் 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராயோக் போய்ப் பனியைத் தொட்டுவிட்டு வரலாம். அந்த ரயில் 1912இலிருந்து ஓடுகிறது, வருடம் முழுக்க உண்டு.

ஆனால் என் யோசனை வேறு. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் வருகிறது இல்லையா? அதுதான் நடைக்கு அருமையான நேரம். கூட்டம் குறைந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அரையாண்டு லீவில் போனால் சறுக்கு கிடைக்கும், ஆனால் கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும்.

குடியாத்தம், கல்லூரி மாணவர்: அண்ணா, சறுக்குப் பாதை மேப்பில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கோடு போட்டிருக்கிறது. வீடியோக்களில் கறுப்பு வைரம் என்கிறார்கள். எதை நம்புவது?

தம்பி, இரண்டும் சரிதான், கண்டம்தான் வேறு. ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், அதற்கும் மேல் இரட்டைக் கறுப்பு வைரம். சரிவுக் கணக்கு வேண்டுமானால், ஐரோப்பாவில் நீலம் ஏறக்குறைய 25 சதவீதத்துக்குள் இருக்கும். அதாவது கிடையாக 100 மீட்டர் போனால் 25 மீட்டர் இறக்கம். சிவப்பு 40 சதவீதம் வரை, அதற்கு மேல் போனால் கறுப்பு.

நிறத்தோடு மணியையும் பாருங்கள். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிப் பனியைச் சமன் செய்து வைப்பார்கள். காலை ஒன்பது மணிக்குக் கோடு கோடாக, வாரிவிட்ட தலைமுடி போல இருக்கும் அதே நீலப் பாதை, மூன்று மணிக்கு மேடும் பள்ளமுமாகி, நடுநடுவே ஐஸ் தெரியும். ஊருக்கு இறங்கும் கடைசிப் பாதைதான் எனக்கு எப்போதும் பயம். மேப்பில் நீலமாகவே இருக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், எல்லோருடைய தொடையும் ஓய்ந்திருக்கும், நிழல் விழுந்து பனி இறுகியிருக்கும். புதிதாகக் கற்பவர்கள் அந்த ஒரு பாதையை விட்டுவிட்டு கேபிள் காரில் இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

முதல் நாள் பாதைக்கே போக வேண்டாம். பயிற்சி மைதானத்தில் நின்றபடியே மேலே ஏற்றிவிடும் பெல்ட் இருக்கும். இரண்டு பலகைகளின் முனையைக் கிட்டே கொண்டுவந்து, குதிகாலை வெளியே தள்ளி, ஆங்கில ‘A’ எழுத்து போல வைத்து வேகத்தைக் குறைப்பதுதான் முதல் பாடம். நிற்கத் தெரிந்த பிறகு ஓடலாம். இன்னொன்று, முன்னால் போகிறவர் எப்படித் திரும்பினாலும் அவரை இடிக்காமல் போவது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து விதிகளில் இதுவும் ஒன்று. சாலையில் ஹாரன் அடித்து ஒதுக்கச் சொல்லும் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அதே மாணவர்: கம்பம் நட்ட பாதைக்கு வெளியே புதுப் பனியில் போனால்?

போகவே கூடாது. பாதைக்கு வெளியே பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை எண் போட்டுத் தினமும் அறிவிப்பார்கள். 3 என்றால் நடுத்தரம்தானே என்று தோன்றும். ஆனால் அது ‘கணிசமான ஆபத்து’. அந்த எண் உள்ள நாட்களில் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள். ஆளைக் கண்டுபிடிக்கும் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி, பயிற்சி, கூட ஒரு வழிகாட்டி எல்லாம் இருப்பவர்களின் உலகம் அது.

ராணிப்பேட்டை: அம்மாவுக்கு 68 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். 3,000 மீட்டருக்கு மேல் கூட்டிப் போகலாமா?

முதலில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் உயரத்தை எண்ணாகச் சொல்லிக் கேளுங்கள். ‘ஃபாரின் டூர்’ என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தெரியாது. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சத்தில். யுங்ஃப்ராயோக்கில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ரயில் அந்த உயரத்துக்கு ஒரே காலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, உடம்பு பழக நேரம் கொடுப்பதில்லை.

டாக்டர் சரி சொன்னால், முந்தின இரண்டு ராத்திரி 1,000 மீட்டருக்கு மேலுள்ள ஊரில் தங்குங்கள். மேலே போனதும் படிகளில் வேகம் வேண்டாம், தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும், ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் காபி, மாத்திரை என்று உட்காராமல் அடுத்த ரயிலைப் பிடியுங்கள். அப்புறம், கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப் பனி சூரிய ஒளியில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண் வெந்துபோகும். கண்புரை ஆபரேஷன் ஆனவர் என்றால் இன்னும் கவனம்.

ஆம்பூர், ஷூ கம்பெனி ஊழியர்: எங்கள் ஊரிலேயே பூட்ஸ் தைக்கிறோம். ஆல்ப்ஸ் நடைக்கு எது வாங்க வேண்டும் என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்.

தோலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. காலைப் பற்றிச் சொல்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்தே ஷூ வாங்குகிறார்கள். விரலைக் கெடுப்பது இறக்கம். 700 மீட்டர் இறங்கும் பாதையில் ஒவ்வொரு எட்டுக்கும் பெருவிரல் முன்னால் போய் முட்டும், சாயங்காலம் நகம் கறுத்துவிடும். ஆகவே லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, கம்பளி சாக்ஸ் போட்டு அளவு பார்க்க வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் வளைவில் லேஸை இறுக்கி ஒரு முடிச்சு போட்டுவிட்டு மேலே கட்டினால் குதிகால் நகராது. பருத்தி சாக்ஸ் நனைந்தால் காயாது, கொப்புளம் நிச்சயம். புது பூட்ஸோடு விமானம் ஏறவே கூடாது. ஒரு மாதமாவது ஊரில் போட்டுப் பழக்கட்டும்.

சறுக்கு பூட்ஸ் தனி ஜாதி. அதை வாங்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். எடை, உயரம், வயது, பழக்கம் நான்கையும் கேட்டு, விழுந்தால் பலகை கழன்றுகொள்ளும்படி பூட்டை முறுக்கித் தருவார்கள். கௌரவத்துக்காக எடையைக் குறைத்தோ பழக்கத்தைக் கூட்டியோ சொல்லாதீர்கள். எடையைக் குறைத்தால் பலகை தேவையில்லாத நேரத்தில் கழலும்; பழக்கத்தைக் கூட்டினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முட்டி போய்விடும்.

வாணியம்பாடி: சறுக்கு எங்களுக்கு வேண்டாம் சார், நடை மட்டும் போதும். பாதையில் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? எந்தப் பாதை?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஆல்ப்ஸ் என்றாலே சறுக்கு என்று நினைத்துப் போகிறவர்கள் நடையில் கிடைப்பதைத் தவறவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் மட்டும் அடையாளப் பலகை வைத்துப் பராமரிக்கும் நடைபாதை சுமார் 65,000 கிலோமீட்டர்.

வெறும் மஞ்சள் பலகை என்றால் யாரும் நடக்கலாம். பலகையின் முனையிலும் பாறையிலும் வெள்ளை-சிவப்பு-வெள்ளை பட்டை இருந்தால் மலைப்பாதை, சில இடம் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், நல்ல பூட்ஸ் வேண்டும், தலைசுற்றல் இருக்கக் கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பனிப்பாறை, கையால் பிடித்து ஏறும் பாறை எல்லாம் வரும். அந்தப் பட்டையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். குளிர்காலத்தில் நடப்பதற்கென்றே பனியை அழுத்தி வைத்த பாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை.

பலகையில் கிலோமீட்டர் பெரும்பாலும் இருக்காது, நேரம்தான் போட்டிருப்பார்கள். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கில், ஓய்வே இல்லாமல் நடக்கும் நேரம் அது. போட்டோ எடுத்து, முறுக்கு தின்று, பிள்ளைகளுக்காக நின்று போகும் நம் குடும்பத்துக்கு அதில் பாதியை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நடைக்கு ரோட்டன்போடன். செர்மாட்டிலிருந்து 1898இல் தொடங்கிய கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் போகிறது. நம் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரயிலில் இருக்கும் அதே ஆப்ட் முறைப் பல்தண்டவாளம்தான், நம்முடையது ஒரு வருடம் இளையது. ரோட்டன்போடனில் இறங்கிப் பத்து நிமிடம் கீழே நடந்தால் ரிஃபெல் ஏரி. காற்று இல்லாத காலையில் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் சிகரம் அதில் தலைகீழாக நிற்கும். அங்கிருந்து ரிஃபெல்பெர்க் ஸ்டேஷன் வரை மெதுவான இறக்கம்.

இரண்டாவது, செர்மாட்டுக்கு மேலே பிளவ்ஹெர்டிலிருந்து சுன்னெக்கா வரை ஐந்து ஏரிப் பாதை. மூன்று ஏரிகளில் மேட்டர்ஹார்ன் தெரியும். கால் பழகியவர்களுக்கு ஷ்வார்ட்சேயிலிருந்து 3,260 மீட்டரில் இருக்கும் ஹோர்ன்லி குடில் வரை போகும் பாதை உண்டு. நடப்பவர்களின் எல்லை அந்தக் குடில், அதற்கு மேல் கயிறு கட்டி ஏறுபவர்களின் மலை. 1865 ஜூலை 14 அன்று முதன்முதலாக ஏழு பேர் மேட்டர்ஹார்ன் உச்சிக்குப் போனார்கள். நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள்.

ஆற்காடு: மேலே போய் கேபிள் காரைத் தவறவிட்டால்? அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது?

கடைசி கேபிள் கார் நேரம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுதிப் போட்டிருக்கும். ஏறும்போதே அதை போனில் படம் எடுத்துவிடுங்கள். பல இடங்களில் சாயங்காலம் நாலரை, ஐந்துக்கே முடிந்துவிடும். தவறவிட்டால் நடந்துதான் இறங்க வேண்டும், 1,000 மீட்டர் இறக்கம் இருட்டில். கடைசி வண்டிக்கு முந்தின வண்டியையே உங்கள் கடைசி வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, ஐரோப்பா முழுக்க 112. சிக்னல் இல்லையென்றால் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஹெலிகாப்டர் இலவசம் இல்லை. பயணக் காப்பீடு எடுக்கும்போது பனி விளையாட்டும் மலை மீட்பும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்காது.

பேரணாம்பட்டு: சைவச் சாப்பாடு?

கிடைக்கும். உருளைக்கிழங்கைத் துருவி வறுத்த ரோஷ்டி, சீஸ், ரொட்டி எங்கும் உண்டு. ரோஷ்டியில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். யுங்ஃப்ராயோக்கில் இந்திய உணவகமே இருக்கிறது. ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

வேலூர், கொணவட்டம்: சுவிஸ் எல்லாம் கட்டுப்படியாகாது அண்ணா. இந்தியாவிலேயே சறுக்கக் கற்றுக்கொள்ள முடியாதா?

தாராளமாக முடியும். காஷ்மீரின் குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மணாலியில் வாஜ்பாய் பெயரிலுள்ள மலையேற்ற நிறுவனம் சறுக்கு கோர்ஸ் நடத்துகிறது. உத்தராகண்டின் ஆலியிலும் கற்கலாம். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் ஊரில் 2023 ஜனவரியில் நிலம் அமுங்கியபோது அங்கிருந்து ஆலிக்குப் போகும் ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள், ரோட்டில்தான் மேலே போக வேண்டும். ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் தனி ஆளாகப் போன ஆரிஃப் கான் குல்மார்க் பக்கத்துப் பையன்தான்.

குல்மார்க்கில் ஒரு எச்சரிக்கை. கொண்டோலா என்னும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் சமன் செய்யாத வெறும் மலை. 2023, 2024 இரண்டு பிப்ரவரியிலும் வெளிநாட்டுச் சறுக்குக்காரர்கள் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். கற்பவர்கள் கீழே இருக்கும் மைதானத்தை விட்டு நகர வேண்டாம்.

திருப்பத்தூர்: போவதற்கு முன் இங்கேயே உடம்பைத் தயார் செய்ய எந்த மலை?

நம் பழைய வட ஆற்காட்டில் மலைக்கா பஞ்சம்! சோளிங்கர் பெரிய மலை 1,305 படி. வாரம் ஒருமுறை போங்கள். இப்போது ரோப் கார் வந்துவிட்டது. ஏறும்போது முடியாவிட்டால் அதில் ஏறிக்கொள்ளுங்கள், ஆனால் இறக்கத்தைக் கட்டாயம் காலால் இறங்குங்கள். தொடையின் முன்பக்கத் தசைக்கு வேலை கொடுப்பது படியிறக்கம்தான். சறுக்கும்போது நாள் முழுக்க உழைப்பதும் அதே தசை. இறங்கும்போது முட்டியை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி, பாதத்தைப் பூனை மாதிரி மெதுவாக வையுங்கள்.

அது பழகியதும் ஏலகிரியில் சுவாமிமலை, மண்பாதைக்கு. கடப்பாரைப் படியும் ஏணியும் கொண்ட பர்வதமலை, உயரத்தில் பயம் வருகிறதா என்று தெரிந்துகொள்ள. அங்கே கால் நடுங்கினால் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பாதையில் செங்குத்தான இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் விடியற்காலை ஐந்துக்கே ஏறத் தொடங்கி ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். காட்டுக்குள் போகும் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு அது கண்டிப்பு. 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியும் கூடவே வருவார்.