நாலு காலேஜ் சேர்ந்து ஆராய்ச்சியாம், மகளைத் தடுக்கலாமா?

சார், உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடக் கவலைதான் தெரிகிறது. மகள் எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் (அவசர சிகிச்சை மருத்துவம்) சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. நைட் டியூட்டி போதாதென்று, நாலு காலேஜ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி என்று லேப்டாப்பும் கையுமாக இருக்கிறாள். "இது சோறு போடுமா?" என்கிறீர்கள்.

தடுக்காதீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சில் எமர்ஜென்சி மெடிசினைத் தனித் துறையாக ஏற்றதே 2009-இல்தான். எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கை படியும் என்பதையே இன்னும் தேடிக்கொண்டிருக்கும் துறை.

உதாரணத்துக்கு சிபிஆர், அதாவது இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் முதலுதவி. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். பயிற்சி நடந்த அன்று ஹவுஸ் சர்ஜன்கள் பொம்மைமேல் அழகாகச் செய்து காட்டுவார்கள். சில மாதம் போனால் ஆழம் குறைந்துவிடும். நடுவில் பத்து நிமிட மறுபயிற்சி கொடுத்தால் நிற்குமா? இதை ஒரே காலேஜில் ஒரு பேட்சை வைத்துச் சோதித்தால், "அங்கே அந்த சார் நல்லா எடுப்பார்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். நாலு காலேஜில் அதே முடிவு வந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைக்கென்று 2001-இல் பெக்கார்ன் என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு தொடங்கியது. தலையில் அடிபட்ட குழந்தைகளில் யாருக்கு சிடி ஸ்கேன் வேண்டாம் என்று அவர்கள் 2009-இல் விதி வகுத்தார்கள். அதற்கு 25 மருத்துவமனைகளில் 42,412 குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆபத்தான காயம் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஒரே மருத்துவமனை என்றால் எத்தனை வருடம் காத்திருப்பது!

சரி, ஆபத்து எங்கே? தகவல் திரட்டும் கேள்விப் படிவத்தில். என்னிடம் வந்த ஒரு மாணவர் மூன்று காலேஜில் தகவல் திரட்டினார். "கடைசியாகப் பயிற்சி எடுத்தது எப்போது?" என்பது கேள்வி. ஒரு காலேஜில் தேதி போட்டார்கள், இன்னொன்றில் "தேர்ட் இயர்", மூன்றாவதில் "போன தடவை". ஆறு மாத உழைப்பு வீண். முதலில் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்து, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி. ஒவ்வொரு காலேஜ் வாசலிலும் நிற்க வேண்டிவரலாம், மாதங்கள் ஓடும். இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: மார்க் போடும் ஆசிரியரே ஹவுஸ் சர்ஜனிடம் "சம்மதமா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? சம்மதம் வாங்க வேறு ஆள் வேண்டும்.

யார் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் முதலில் வரும் என்பதையும் இப்போதே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். நட்பு முறிவது பெரும்பாலும் இங்கேதான். ஆசிரியர் வேலையில் பதவி உயர்வுக்கு வெளியான ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கேட்பார்கள். பதினான்காவது பெயராக நின்று பெரிய லாபமில்லை.

தீசிஸ்தான் முதலில், அதில் சமரசம் வேண்டாம். முடிந்தால் இந்தக் கேள்வியின் ஒரு துண்டையே தீசிஸாக்கச் சொல்லுங்கள், கைடும் மறுக்க மாட்டார். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆய்வு முறை பற்றி ஆன்லைன் படிப்பு நடத்துகிறது. அதைக் குழு மொத்தமும் சேர்ந்து முடித்துவிடலாம்.

அடுத்த முறை மகள் வீட்டுக்கு வரும்போது அவளுடைய கேள்விப் படிவத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். எந்தக் கேள்வி உங்களைக் குழப்புகிறதோ அதை அவளிடம் சொல்லுங்கள். அப்புறம், நைட் டியூட்டி முடிந்த காலையில் மட்டும் ஜூம் மீட்டிங் வைக்க வேண்டாம் என்றும்.