லாபம் 6,000 கோடி, ஆனால் தொழிலில் நஷ்டம்: மறுகாப்பீட்டு நிறுவனத்தின் தலைமையை எப்படி எடைபோடுவது?

கேள்வி: நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் தக்கலை. 2017-ல் அரசு மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீயின் பங்கு வெளியீட்டில் 912 ரூபாய்க் கணக்கில் 16 பங்கு கிடைத்தது. விலை அந்தப் பக்கமே திரும்பவில்லை. நிறுவனம் வருஷத்துக்கு 6,000 கோடிக்கு மேல் லாபம் காட்டுகிறது. ஆனால் மும்பையில் வேலை பார்க்கும் மகன், ‘தொழிலில் நஷ்டம்தான் அப்பா, தலைமை சரியில்லை’ என்கிறான். லாபமும் நஷ்டமும் ஒரே நேரத்தில் எப்படி? ஒரு மறுகாப்பீட்டு நிறுவனத்தின் தலைமை பணத்தை ஒழுங்காக நடத்துகிறதா என்று என்னைப் போன்றவர்கள் எதை வைத்துப் பார்ப்பது?

பதில்: முதலில் உங்கள் டிமேட் கணக்கை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் சார். 2018-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள். உங்களிடம் இருப்பது 32 பங்கு, அடக்க விலை 456. 2024 செப்டம்பரில் அரசு தன் பங்கில் ஒரு பகுதியை விற்றபோது குறைந்தபட்ச விலையாக வைத்தது 395. அந்த விலையில் பார்த்தாலும் நஷ்டம் உண்டு, ஆனால் 912-ஐ மனதில் வைத்து நீங்கள் வருத்தப்படும் அளவுக்கு இல்லை. விற்பதா வைத்திருப்பதா என்று நான் சொல்ல முடியாது, நான் பங்கு ஆலோசகன் இல்லை. பொதுக் காப்பீட்டில் கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவன். அந்தக் கண்ணோடு சொல்கிறேன்.

முப்பந்தல் வழியாகப் போகும்போது வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தனைக்கும் ஒரே காப்பீட்டு நிறுவனம் பாலிசி கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒக்கி மாதிரி ஒரு புயல் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்தால் அன்றைக்கே அந்த நிறுவனம் படுத்துவிடும். அதனால் பிரீமியத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, ஆபத்தில் ஒரு பங்கை இன்னொருவர் தலையில் ஏற்றுகிறது. அந்த இன்னொருவர்தான் மறுகாப்பீட்டு நிறுவனம். அதுவும் தன் பங்குக்கு, தாங்க முடியாததை வேறு மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் தள்ளிவிடும்.

இங்கே தலைமையின் முதல் வேலை, ஒரே காற்றுக்கு நம்முடைய காற்றாலைகள் எத்தனை என்று எண்ணி வைத்திருப்பது. துயரத்தின் அளவு வேறு, கிளெய்மின் அளவு வேறு. 2004 சுனாமி கொளச்சலையும் மணக்குடியையும் புரட்டிப்போட்டது. பல நாடுகளிலுமாக 2 லட்சத்துக்கு மேல் உயிர் போனது. ஆனால் உலக மறுகாப்பீட்டு நிறுவனங்களை உலுக்கியது அடுத்த வருஷம் அமெரிக்காவில் வந்த கத்ரீனா புயல். காப்பீடு அங்கேதான் குவிந்திருந்தது. நம் கரையில் பெரும்பாலான வள்ளங்களுக்கும் வீடுகளுக்கும் பாலிசியே கிடையாது.

சரி, உங்கள் மகன் சொல்லும் நஷ்டத்துக்கு வருவோம். கம்பைன்ட் ரேஷியோ என்று ஒரு கணக்கு உண்டு. 100 ரூபாய் பிரீமியத்துக்கு எதிரே கிளெய்ம், கமிஷன், நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்து எவ்வளவு போகிறது என்பது. 100-க்குக் கீழே என்றால் தொழிலிலேயே லாபம். ஜிஐசி ரீக்கு 2023-24-ல் இது ஏறக்குறைய 112. அதாவது நூறு வாங்கி நூற்றுப்பன்னிரண்டு செலவு. அப்படியும் அந்த வருஷ நிகர லாபம் 6,497 கோடி. பிரீமியம் முதலில் வருகிறது, கிளெய்ம் பிறகு போகிறது, நடுவில் கையில் கிடக்கும் பணம் கடன்பத்திரத்திலும் பங்கிலும் சம்பாதிக்கிறது. மகன் சொல்வதும் சரி, நிறுவனம் சொல்வதும் சரி.

ஆனால் முதலீட்டு வருமானத்தில் தொங்கிக்கொண்டு இருப்பது ஒரு பலவீனம்தான், அதை மழுப்ப மாட்டேன். 2019-20-ல் கிளெய்மும் கூடி, மார்ச்சில் கொரோனா பயத்தில் பங்குச்சந்தையும் விழுந்தபோது, ஜிஐசி ரீ 359 கோடி நஷ்டம் காட்டியது. அதே 2020-ல் ஏஎம் பெஸ்ட் என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் அதன் மதிப்பீட்டை ‘ஏ மைனஸ்’ நிலையிலிருந்து ‘பி பிளஸ் பிளஸ்’ ஆக இறக்கியது. ‘ஏ’ வரிசைக்குக் கீழே போனால் பல வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தங்கள் விதிப்படியே தொழில் தர மாட்டார்கள். பழைய இடத்துக்குத் திரும்ப 2024 நவம்பர் ஆயிற்று.

இப்போது ஆட்களைப் பற்றி. தலைமைச் செயல் அதிகாரிதான் எல்லாம் என்று பத்திரிகைகள் எழுதும். நான் அவருக்குச் சமமாக நிதித் தலைவரையும், வரப்போகும் கிளெய்மைக் கணக்கிட்டு மதிப்பிடும் ஆக்சுவரியையும் பார்ப்பேன். காரணம் ரிசர்வ், அதாவது வரப்போகும் கிளெய்முக்கு ஒதுக்கி வைக்கும் பணம். ஒரு ஆஸ்பத்திரி மீதோ மருந்துக் கம்பெனி மீதோ போடும் இழப்பீட்டு வழக்கு முடியப் பத்து வருஷம்கூட ஆகும். இந்த வருஷம் வாங்கிய பிரீமியத்துக்கு நாளைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று இன்றைக்கே மதிப்பிட்டு ஒதுக்க வேண்டும். அந்த மதிப்பீட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் இந்த வருஷ லாபம் அழகாக இருக்கும். கணக்கு உதைக்கும்போது வேறொருவர் நாற்காலியில் இருப்பார்.

குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கன்று நட்டு ஏழு வருஷம் காத்திருந்து பால் வெட்டுகிறவன் பட்டையைப் பார்த்துப் பார்த்துக் கத்தி வைப்பான். இரண்டு வருஷக் குத்தகைக்கு எடுத்தவன் மரம் என்ன ஆனால் என்ன என்று கிடைக்கிற பாலையெல்லாம் இறக்கிக்கொண்டு போய்விடுவான். குத்தகைக் காலத்தில் அவன் தோட்டத்தில்தான் ரப்பர் ஷீட் அதிகம் அடிக்கும்!

இதற்கு நேர்மாறான உதாரணம் சுவிட்சர்லாந்தின் மறுகாப்பீட்டு நிறுவனமான சுவிஸ் ரீ. 2024 ஜூலையில் ஆண்ட்ரியாஸ் பெர்கர் தலைமைக்கு வந்தார். அந்த வருஷத்தின் மூன்றாம் காலாண்டிலேயே அமெரிக்கப் பொறுப்புக் காப்பீட்டுக்கான பழைய ரிசர்வ் போதாது என்று 240 கோடி டாலரை ஒரேயடியாக ஏற்றி வைத்தார்கள். ஆண்டு லாப இலக்கு 360 கோடி டாலரிலிருந்து சுமார் 300 கோடிக்கு இறங்கியது. செய்தியைப் படித்தவர்களுக்கு அது தோல்வி மாதிரி இருந்திருக்கும். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே பட்டது. புதிதாக வருகிறவர் பழைய பாக்கியை எழுதிவிட்டுத் தொடங்குவது கொஞ்சம் வசதியும்கூட, அடுத்த வருஷங்கள் பளிச்சென்று தெரியும். அதையும் கழித்துத்தான் பாராட்ட வேண்டும்.

அதே நிறுவனம் 2009-ல் தடுமாறியது வேறு கதை. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் நகரம் 1861-ல் எரிந்த பிறகு, 1863-ல் தொடங்கிய நிறுவனம் அது. தீயையும் புயலையும் ஒன்றரை நூற்றாண்டு சமாளித்தது. கடைசியில் கவிழ்க்கப் பார்த்தது நிதிச்சந்தை விளையாட்டு. 2008 நெருக்கடியில் கடன் உத்தரவாத ஒப்பந்தங்களில் அடிபட்டு, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயரிடம் 300 கோடி பிராங்க் வாங்க வேண்டிவந்தது. வட்டி 12 சதவீதம், நம்மூர் வட்டிக் கடன் மாதிரி. தலைமை அதிகாரி பதவி விலகினார். ஆகவே முதலீட்டுப் பிரிவு என்ன செய்கிறது என்று புரியாமல் தலையாட்டும் தலைமை ஆபத்தானது. ஜெர்மனியின் மறுகாப்பீட்டு நிறுவனங்களான ஹனோவர் ரீயில் 2025 ஏப்ரலிலும், மியூனிக் ரீயில் 2026 ஜனவரியிலும் நிதித் தலைவர்களே தலைமைச் செயல் அதிகாரியாக உயர்த்தப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

ஜிஐசி ரீயின் சிக்கல் பதவிக்காலம். தலைவரை அரசு நியமிக்கிறது. 2016, 2019, 2023 என்று எட்டு வருஷத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். யாரையும் குத்தகைக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் எழுதிய ஒப்பந்தத்தின் முடிவை இன்னொருவர்தான் பார்ப்பார் என்பதைச் சொல்கிறேன். அதற்கிடையிலும் நல்ல முடிவுகள் நடந்தன. 2019-20-ல் தீவிபத்துக் காப்பீட்டில் நிறுவனங்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்தபோது, குறைந்தபட்ச பிரீமியம் இல்லையென்றால் மறுகாப்பீடு கிடையாது என்று ஜிஐசி ரீ கறாராக நின்றது. நஷ்டம் தந்த பயிர்க் காப்பீட்டையும் பிறகு குறைத்துக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல முடிகிற தலைமை இந்தத் தொழிலில் அரிது. நம் நாட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏப்ரல் 1-ல் புதுப்பிக்கப்படும். அதை ஒட்டி வரும் செய்திகளில் ‘பிரீமியம் இத்தனை சதவீதம் உயர்ந்தது’ என்பதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். என்ன விலைக்கு எழுதினார்கள் என்று தேடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. கம்பைன்ட் ரேஷியோவை ஐந்து வருஷத்துக்கு ஒரு காகிதத்தில் எழுதுங்கள், ஒரு வருஷ எண்ணை நம்பாதீர்கள். 2024-25-ல் அது 109-ஐ ஒட்டி இறங்கியது, திசை சரி. முதலீட்டாளர்களுக்கான விளக்கக் கோப்பில் தீ, மோட்டார், உடல்நலம், பயிர் என்று பிரித்தும் கொடுப்பார்கள். சால்வென்சி விகிதம் என்பது தேவையான மூலதனத்தைப் போல எத்தனை மடங்கு கையில் இருக்கிறது என்ற கணக்கு. அது 1.5-க்குக் கீழே போகக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. 2024 மார்ச்சில் ஜிஐசி ரீயிடம் 3.25 இருந்தது, அந்த விஷயத்தில் தூங்கலாம். அப்புறம், நிகர மதிப்பை இரண்டு விதமாகப் போடுவார்கள், பங்கு முதலீடுகளின் ஏற்ற மதிப்பைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. சேர்க்காததைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றது சந்தையோடு ஏறி இறங்கும்.

ரிசர்வ்தான் வெளியில் இருந்து பார்க்கக் கஷ்டமானது. ஐரோப்பியப் பெரிய நிறுவனங்கள், பழைய வருஷங்களுக்கு ஒதுக்கியது பிற்பாடு கூடியதா குறைந்ததா என்று முக்கோண வடிவில் ஓர் அட்டவணை வெளியிடுவார்கள். ஜிஐசி ரீயிடம் அதை நீங்களே கேட்கலாம். உங்களிடம் 32 பங்கு இருக்கிறது, ஒன்று இருந்தாலே பங்குதாரர் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். அழைப்பு அறிக்கை வந்ததும் பேசுவதற்குப் பெயர் பதிவு செய்யுங்கள். டிவிடெண்ட் ஏன் குறைவு என்று கேட்க ஐம்பது பேர் இருப்பார்கள். நீங்கள் இதைக் கேளுங்கள்: “ஐந்து வருஷத்துக்கு முன் எழுதிய தொழிலுக்கு அன்றைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், இன்றைய கணக்கில் அது எவ்வளவு?”