ஜூடோ, ஜியு-ஜிட்சு தற்காப்புக் கலைகள்: துணையோடு பயில்வது குறித்துச் சில ஐயங்கள்

கேள்வி: என் எடை 58 கிலோ. எனக்கு அடிக்கடி இணையாக வருபவர் 95 கிலோ. அவரோடு பயில மறுப்பது கோழைத்தனமா?

பதில்: இல்லை. ஆனால் முழுவதுமாக மறுக்கவும் வேண்டியதில்லை. நின்ற நிலையிலிருந்து வீழ்த்தும்போதுதான் ஆபத்து மிகுதி. கனமானவர் நிலை தடுமாறி உங்கள் முழங்காலின் மீது பக்கவாட்டில் விழுந்தால், மூட்டைக் கட்டி நிற்கும் நார்கள் கிழிந்துவிடக்கூடும். ஆகவே அவரோடு முழங்காலிட்டுத் தொடங்கி, தரைப் பிடிகளைப் பயிலுங்கள். இரு கால்களாலும் எதிராளியின் கால்களைக் கத்தரிபோல் பக்கவாட்டிலிருந்து வெட்டி வீழ்த்தும் 'கானி பசாமி' உத்தியை யாரிடமும் முயல வேண்டாம். 1980-இல் ஜப்பானிய ஜூடோ வீரர் யமாஷிதா யாசுஹிரோவின் கால் எலும்பு அதனால்தான் முறிந்தது. இன்று அது ஜூடோ போட்டிகளில் தடை செய்யப்பட்ட உத்தி.

கேள்வி: எதிராளியின் குதிகாலைப் பிடித்துத் திருகும் குதிகால் முறுக்கில், வலி தெரிந்த பிறகு, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் தட்டினால் போதாதா?

பதில்: போதாது; இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். முழங்கையை மடங்காத திசையில் வளைக்கும் பூட்டுப் பிடியில் வலி பெரும்பாலும் முன்னதாகவே எச்சரிக்கும். குதிகாலை முறுக்கும்போதோ விசை முழுவதும் முழங்காலில் இறங்குவதால், வலி உறைக்கும் முன்பே நார் கிழிந்துவிடலாம். அதனாலேயே சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு, சீருடைப் போட்டிகளில் எந்தத் தேர்ச்சி நிலைப் பட்டையினருக்கும் இதை அனுமதிப்பதில்லை. சீருடையற்ற பிரிவில், 2021 முதல், பழுப்பு மற்றும் கறுப்புப் பட்டை பெற்ற பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. குதிகால் பிடிபட்டதுமே தட்டுங்கள். கைகள் சிக்கியிருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பூட்டுப் போடுபவரின் பொறுப்பு இன்னும் பெரியது. புதியவருக்குத் தாம் சிக்கியிருப்பதே தெரியாது என்பதால், பிடி அமைந்தவுடன் முறுக்காமல் நிறுத்தி, அவருக்கு நிலைமையை உணர்த்தி விட்டுவிட வேண்டும். கழுத்து நெரிப்பிலும் இதே கவனம் தேவை. சரியாக அமைந்த பிடியில் பத்து விநாடிகளுக்குள் நினைவு தப்பலாம்.

கேள்வி: துணைவரின் முன்கையில் படர்தாமரை தெரிகிறது. துணியால் மூடிக்கொண்டு பயிலலாமா?

பதில்: கூடாது. வியர்வையில் துணி நழுவும்; தொற்று உங்களுக்கும் பாய்க்கும் பரவும். தோல் மருத்துவர் அனுமதிக்கும்வரை அவர் ஓய்வெடுக்கட்டும். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர விடுகின்றன என்பதையும் அவரிடம் தனியே, கனிவாகச் சொல்லுங்கள்.