சுட்டுவிரலும் ‘டைக்டிக்’ என்ற சொல்லும்: கேள்வி பதில்

கேள்வி (மொழிபெயர்ப்பாளர், கோவை): குழந்தை வளர்ச்சி பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘டைக்டிக் ஜெஸ்சர்’ என்று பல இடங்களில் வருகிறது. ‘சைகை’ என்று போட்டுவிடலாமா? எப்படி உச்சரிப்பது?

பதில்: வெறும் ‘சைகை’ போதாது, அது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். சைகை ஆய்வாளர் டேவிட் மெக்நீல் 1992-இல் முன்வைத்த பகுப்பை இத்துறையில் இன்றும் பரவலாக எடுத்தாள்கிறார்கள். மீன் இவ்வளவு நீளம் என்று இரண்டு கையையும் அகட்டிக் காட்டுவது உருவச் சைகை. ஒரு கருத்தை ஏதோ பொருள்போல உள்ளங்கையில் ஏந்தி நீட்டுவது உருவகச் சைகை. பேச்சின் அழுத்தத்தோடு கை தட்டித் தட்டி இறங்குவது தாளச் சைகை. “அதோ” என்று விரல் நீளுகிறதே, அதுதான் டைக்டிக். ‘சுட்டுச் சைகை’ என்று எழுதுங்கள்.

உச்சரிப்பு ‘டைக்டிக்’, அழுத்தம் முதல் அசையில். பெயர்ச்சொல் ‘டைக்ஸிஸ்’, தமிழில் ‘சுட்டு’. எழுத்தைப் பார்த்து ‘டீக்டிக்’ என்று சொல்பவர்கள் உண்டு, அது பிழை. மூலம், ‘காட்டு’ என்று பொருள்படும் கிரேக்க வினை. அதே வேரிலிருந்து வடமொழியில் கிளைத்ததுதான் ‘திஶ்’. நாம் அன்றாடம் சொல்லும் திசை, தேசம், உபதேசம் எல்லாம் அதன் வழி வந்தவை. சுட்டுவிரலைக் குறிக்கும் லத்தீன் ‘இண்டெக்ஸ்’ என்பதும் அந்தக் குடும்பமே.

ஒரு எச்சரிக்கை: தர்க்கவியல் நூல்களில் ‘டைக்டிக்’ என்றால் ‘நேராக நிறுவிக்காட்டுகிற’ என்று பொருள். அங்கே ‘சுட்டு’ என்று போட்டால் வாக்கியமே புரியாது.

கேள்வி (முதுகலை மாணவி, திருச்சி): விரல் நீட்டுவதும் டைக்டிக், ‘இங்கே’ ‘நாளை’ ‘நான்’ போன்ற சொற்களும் டைக்டிக் என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

பதில்: தனியாக நின்றால் இரண்டுக்கும் பொருள் முழுமையாகாது. சொன்னவர் யார், எங்கே நின்றார், எப்போது சொன்னார் என்று தெரிந்தால்தான் பொருள் பிடிபடும். மளிகைக் கடைகளில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை தொங்குமே, அதைப் பாருங்கள். ‘நாளை’ என்பது எழுதிய நாளிலிருந்து எண்ணப்படவில்லை, படிக்கிற நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அதனால் அந்தக் கடன் ஒருநாளும் கிடைக்காது. ‘நாளை’க்குப் பதில் ஒரு தேதியை எழுதினால், அந்தத் தேதியில் கடைக்காரர் கடன் கொடுத்தே ஆகவேண்டும். டைக்ஸிஸின் மொத்த இயக்கமும் அந்த ஒரு பலகையில் இருக்கிறது.

ஜெர்மன் உளவியலாளர் கார்ல் பூலர் 1934-இல் இதற்கு ஒரு மையம் வகுத்தார்: நான், இங்கே, இப்போது. ‘ஒரிகோ’ என்று பெயர். எல்லாச் சுட்டும் அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்கப்படுகிறது. கை சுட்டும்போது உடம்பே அந்தப் புள்ளி. போனில் “இதை எடு” என்று ஒருவர் சொன்னால் நாம் திகைப்பது, அவருடைய கை நம் கண்ணுக்கு எட்டாததால்தான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட பேச்சிலை ‘உது’, ‘உவன்’, ‘உங்கை’ எண்டு சொல்லுவம். கொழும்பிலை படிப்பிக்கேக்கை இது கொச்சை எண்டினம். உண்மையோ?

பதில்: துளியும் இல்லை. தொல்காப்பியம் ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது. நன்னூலும் மூன்றையும் சொல்கிறது. தமிழகப் பேச்சில் உகரம் விழுந்துபோய் அது, இது என்ற இரண்டில் நின்றுவிட்டது. யாழ்ப்பாணம் மூன்றையும் காத்துவைத்திருக்கிறது. ‘இது’ சொல்பவர் பக்கம், ‘அது’ இருவருக்கும் எட்ட, ‘உது’ பெரும்பாலும் கேட்பவர் பக்கம். கேட்பவர் மடியிலிருக்கும் புத்தகத்தை “உதைத் தாங்கோ” என்றால் விரல் நீட்ட வேண்டிய தேவையே குறைகிறது. ஆங்கிலத்தின் ‘திஸ்’, ‘தட்’ இரண்டுக்கும் அந்த வசதி கிடையாது. வகுப்பில் தயங்காமல் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (ஆங்கில ஆசிரியர், மதுரை): ‘பாயிண்ட் அட்’, ‘பாயிண்ட் டு’, ‘பாயிண்ட் அவுட்’ மூன்றையும் பிள்ளைகள் குழப்புகிறார்கள்.

பதில்: ‘அட்’ என்றால் குறி வைப்பது. விரலாக இருந்தாலும் துப்பாக்கியாக இருந்தாலும் இலக்கை நோக்கியே நிற்கும், ஆளைக் குறித்து வந்தால் கொஞ்சம் முரட்டுத்தனமும் தொனிக்கும். ‘டு’ என்றால் பக்கம் காட்டுவது. கடிகார முள்ளுக்கும், ஒரு முடிவை நோக்கி இட்டுச்செல்லும் ஆதாரத்துக்கும் இதுதான் வரும். ‘அவுட்’ என்றால் கவனிக்காமல் விட்டதை எடுத்துச் சொல்வது, அதற்குக் கையே வேண்டாம். நம் ‘சுட்டிக்காட்டினார்’ இதற்குச் சரியாகப் பொருந்தும். ‘ஃபிங்கர் பாயிண்டிங்’ பெரும்பாலும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதைக் குறிக்கும். அரசியல் செய்தியில் அதை ‘விரல் சுட்டல்’ என்று போட்டால் வாசகர் விழிப்பார்.

கேள்வி (ஒரு தாய், சேலம்): மகனுக்குப் பதின்மூன்று மாதம். கேட்டதைக் கையை விரித்து நீட்டிக் காட்டுகிறான், ஒற்றை விரலால் காட்டுவதில்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: இந்த ஒன்றை மட்டும் வைத்துக் கவலைப்படத் தேவையில்லை, அம்மா. பெரும்பாலான குழந்தைகள் ஒன்பது முதல் பதினான்கு மாதத்துக்குள் சுட்டத் தொடங்குகின்றன. முழுக் கையை நீட்டுவது பெரும்பாலும் அதற்கு முந்திய படி.

சுட்டுவதில் இரண்டு வகை உண்டு, கவனிக்க வேண்டியது அதைத்தான். “அதை எடுத்துக் கொடு” என்று கேட்டுச் சுட்டுவது ஒன்று. “அதோ பார், நாய்!” என்று பகிர்ந்துகொள்ளச் சுட்டுவது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். அதில் குழந்தைக்கு எந்தப் பொருளும் வேண்டாம், உங்கள் கண் தன் கண்ணோடு சேர வேண்டும், அவ்வளவுதான். சுட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா என்று பாருங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அவனுக்குப் பிடித்த பொம்மையை எட்டாத அலமாரியில், கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். உடனே எடுத்துக் கொடுக்காமல், அவன் சுட்டுகிறானா என்று சில நொடி காத்திருங்கள். பிறகு நீங்கள் மின்விசிறியைச் சுட்டி “அங்க பாரு” என்று சொல்லுங்கள். விசிறியைப் பார்த்தால் நல்லது. உங்கள் விரல் நுனியையே பார்த்தால், சின்ன வயதில் அதுவும் இயல்பே. இன்னும் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சுட்டிப் பழக்குங்கள்.

பதினெட்டு மாதம் ஆகியும் எதையும் உங்களுக்குக் காட்டுவதற்காகச் சுட்டவில்லை என்றாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ, தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): உலகம் முழுக்கச் சுட்டுவிரல்தானா?

பதில்: இல்லை. லாவோஸிலும், பனாமாவின் குனா மக்களிடமும் உதட்டைக் குவித்துச் சுட்டுவது வழக்கம். பாப்புவா நியூ கினியின் யுப்னோ மக்கள் மூக்கைச் சுருக்கித் தலையைத் திருப்பிச் சுட்டுகிறார்கள். கானாவில் இடக்கையால் சுட்டுவது மரியாதைக் குறைவு. நம்மிடமும் பெரியவர்களை ஒற்றை விரலால் காட்டமாட்டோம், உள்ளங்கை மேல்நோக்கக் கை முழுவதையும் நீட்டுவோம்.

கிராமத்தில் “கெழக்கால தள்ளி உக்காரு” என்று சொல்வதும் இதோடு சேர்ந்ததே. இடம் வலம் என்றால் சொல்பவர் உடம்பிலிருந்து அளக்க வேண்டும். கிழக்கு மேற்கு என்றால் யார் எப்படித் திரும்பி நின்றாலும் மாறாது.

கேள்வி (ஆய்வு மாணவர், சென்னை): சந்தையில் வழி சொல்பவர்களின் சுட்டுச் சைகைகளை வீடியோவில் பதிந்து ஆராயப் போகிறேன். எங்கே பிசகும்?

பதில்: பெரும்பாலும் கேமராவில். முகத்தை நெருக்கமாகப் பிடித்தால், நீட்டிய கை சட்டத்துக்கு வெளியே போய்விடும். தலைக்கு மேலும், இரு கை நீளத்துக்கும் இடம் விட்டு வையுங்கள். இரண்டாவது கேமரா பேசுபவரின் பின்பக்கத்திலிருந்து, அவர் காட்டும் திசையைப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் இரண்டு பதிவையும் ஒத்திசைக்கலாம். நொடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்) என்றால் ஒரு சட்டம் 40 மில்லிநொடி, வேகமான கை அதில் மங்கும். 50 வையுங்கள். வடக்கு எது என்று குறிப்பேட்டில் வரைபடத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியபின் அது நினைவிருக்காது.

குறியிட ஈலான் மென்பொருள் போதும், இலவசம். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கியது. பேச்சு, கை அசைவின் கட்டம், கை வடிவம், பார்வை, இலக்கு என்று தனித்தனி அடுக்கு வையுங்கள். முதல் சுற்றில் ஒலியை நிறுத்திவிட்டு, கை எழும் தயார் கட்டம், முழுதாக நீளும் வீச்சு, அப்படியே நிற்கும் பிடிப்பு, திரும்பும் மீட்சி ஆகியவற்றை மட்டும் குறியுங்கள். ஒலியோடு தொடங்கினால், “அங்க” என்ற சொல் காதில் விழுந்ததுமே இல்லாத சுட்டையும் கண் பார்த்துவிடும். ஒரு பகுதியை இன்னொருவர் தனியே குறியிட வேண்டும், இருவரின் ஒப்புமையைக் கப்பா மதிப்பால் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புமையைக் காட்டும் எண்) அளந்து ஆய்வேட்டில் கொடுங்கள்.

கேள்வி (சைகைமொழி பயிற்றுநர்): எங்கள் மொழியில் தன்னைச் சுட்டினால் ‘நான்’, எதிரே சுட்டினால் ‘நீ’. இது வெறும் சைகையா, சொல்லா?

பதில்: சொல்தான். மொழி ஆய்வாளர் லாரா பெட்டிட்டோ 1987-இல் அமெரிக்கச் சைகைமொழி பேசும் காது கேளாத பெற்றோரின் குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். இவ்வளவு வெளிப்படையான சுட்டிலும் அவர்கள் ஒரு கட்டத்தில் நானையும் நீயையும் மாற்றிப் போட்டார்கள், பேசும் குழந்தைகள் தடுமாறுவதுபோலவே. வெறும் சைகையாக இருந்தால் அந்தத் தடுமாற்றம் வந்திருக்காது.

கேள்வி (பத்திரிகை உதவி ஆசிரியர்): பேட்டியைப் பிறர்கூற்றாக மாற்றும்போது ‘நாளை’, ‘இங்கே’ எல்லாம் என்ன ஆகும்?

பதில்: நான், இங்கே, இப்போது என்ற மையம் மாறுகிறது, எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்துங்கள். நாளை ‘மறுநாள்’ ஆகும், இங்கே ‘அங்கே’ ஆகும், வருகிறேன் ‘வருவதாக’ ஆகும். ஒன்றை நகர்த்தி இன்னொன்றை விட்டால் செய்தி பொய்யாகிவிடும். செவ்வாய்க்கிழமை சொன்ன ‘நாளை’ வியாழக்கிழமை இதழில் அப்படியே வந்தால் வெள்ளிக்கிழமை ஆகிவிடுகிறது. தேதி போடுவதே பாதுகாப்பு.

பேச்சுத் தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. “அவன் தான் ஜெயிச்சேன்னு சொன்னான்” என்று பலர் சொல்வார்கள். எழுவாய் ‘தான்’, வினையோ ‘ஜெயிச்சேன்’ என்று தன்மையில் நிற்கிறது. ஜெயித்தவன் அவன்தான், இதை நம்மிடம் சொல்லிக்கொண்டிருப்பவர் அல்ல. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது இந்த ‘ஏன்’ விகுதியைப் பார்த்து ஆளை மாற்றிவிடாதீர்கள். ‘தான் ஜெயித்ததாக அவன் சொன்னான்’ என்று எழுதுங்கள்.